மரக்கலம் முதல் கள்ளத்தோணி வரை: கொழும்பின் நீர்வழிகள்

சில வருடங்களுக்கு முன் ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் பேரனோடு போய்க்கொண்டிருந்தேன். கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் இருக்கை விஷயத்தில் இருவருக்கிடையே வாய்த்தர்க்கம் மூண்டது. ஒருவர் தொப்பி அணிந்த நடுவயதுக்காரர். மற்றவர் இறங்கும்போது படியில் திரும்பி நின்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போனார்: "மரக்கலயா!" தொப்பிக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. என் பேரனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் சிங்களம் படித்தாலும் அந்தச் சொல் அவனுக்குப் புதிது.

"மூத்தவாப்பா, மரக்கலயா எண்டா என்ன?"

பஸ் முழுவதற்கும் கேட்கும்படி கேட்டுவிட்டான். "கப்பல்காரன் எண்டு அர்த்தம் மகன்" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை.

"அப்ப எங்கட கப்பல் எங்க?"

இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்ல முடியாமல் போன பதில்தான். அவன் இன்னும் பெரியவனாகி வாசிக்கட்டும்.

'மரக்கலம்' என்ற தமிழ்ச் சொல்லில் இருந்துதான் சிங்களத்து 'மரக்கல' வந்தது. நமது ஊர்களில் வழங்கும் மரைக்காயர் என்ற பட்டத்தையும் சிலர் மரக்கலத்தோடு சேர்ப்பார்கள். வேறு சிலர் கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அறபுச் சொல்லோடு சேர்ப்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் கப்பலில்தான் ஏறவேண்டியிருக்கிறது. நம்மைச் சுட்டும் இன்னொரு வசைச்சொல்லான 'ஹம்பயா'வும் அப்படித்தான். 'ஹம்பன்' என்பது சம்பன், சம்மான் என்ற படகின் பெயர். அந்தப் படகுகள் வந்து ஒதுங்கிய துறை அம்பாந்தோட்டை ஆயிற்று. படகில் வந்தவர் ஹம்பன்காரர் ஆனார். ஒரு காலத்தில் தொழிலைச் சொன்ன சொற்கள் இவை. மீன்பிடிப்பவரை மீனவர் என்பதைப்போல.

கொழும்பு என்ற பெயரே ஒரு துறையின் பெயர்தான் என்பாரும் உண்டு. களனி கங்கையின் துறை என்ற பொருளில் 'கொலொன் தொட்ட' என்பதிலிருந்து வந்ததாக ஒரு விளக்கம் இருக்கிறது. மாமரக் கதை வேறு இருக்கிறது. எனக்கு ஆற்றுத்துறைதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் இந்த நகரத்துக்குக் கடலால் வருபவன் கடலில் இறங்கி ஆற்றாலும் வாவியாலும் கால்வாயாலும் உள்ளே போயிருக்கிறான். தரைவழி பின்னால் வந்தது.

1344இல் இப்னு பதூதா பாவாத மலையைத் தரிசித்துவிட்டுத் தென்கரையால் தேவேந்திரமுனை, காலி எனச் சுற்றிக் 'கலன்பு'வுக்கு வந்தார். செரந்தீப் நாட்டின் அழகிய பெரிய ஊர்களில் ஒன்று என்று அவருடைய பயண நூல் அதைச் சொல்கிறது. அங்கே கடலை ஆண்டவர் ஜாலஸ்தி என்பவர். அவரோடு ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தனர். ஊரை ஆண்டவர் என்று சொல்லாமல் கடலை ஆண்டவர் என்று சொன்னதை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தபோது அவர்கள் முறித்துக்கொண்டதும் இந்தக் கடலாட்சியோடுதான். 1626இல் முஸ்லிம்களைத் தங்கள் பகுதிகளிலிருந்து வெளியேற்றும்படி கட்டளை பிறந்தது. கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஒரு பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். இதை நம்மவர் எல்லோரும் மேடையில் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்துச் செய்தி ஒன்றைச் சொல்லுவது குறைவு. அவர்கள் நம்மை முழுதாகத் துரத்தவில்லை. வேறு விதமாக வைத்துக்கொண்டார்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் காணி வாங்கத் தடை. அதற்கு மேல், சோனகரும் செட்டிகளும் அந்நியர் என்ற கணக்கில் 'ஊழியம்' செய்யவேண்டும். சுமை தூக்குவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் அதில் அடக்கம். மரக்கலத்தின் சொந்தக்காரன் மரக்கலத்தின் கூலியாக்கப்பட்டான்.

ஆனாலும் ஒல்லாந்தருக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். கொழும்பையும் நீர்கொழும்பையும் சிலாபத்தையும் புத்தளத்தையும் களப்புகளையும் கால்வாய்களையும் கோத்து ஒரு நீர்வழியாக்கினார்கள். தெற்கே களுத்துறைப் பக்கமும் பொல்கொடை வாவி வழியாகத் தண்ணீர்ப் பாதை இருந்தது. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய், களனியிலிருந்து நீர்கொழும்புவரை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் ஓடியது. புத்தளத்து உப்பு இந்த வழியால்தான் கொழும்புக்கு வந்தது. அந்த உப்பு வந்த படகுகளை சிங்களத்தில் 'பாருவ' என்பார்கள். அடிப்பாகம் தட்டை; மேலே வளைந்த ஓலைக்கூரை; நீண்ட கழியால் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். படகுக்காரன் குடும்பத்தோடு அதிலேயே சமைத்து உறங்குவதும் உண்டு. களனியிலிருந்து சென் செபஸ்தியன் கால்வாயால் திரும்பி, புதுக்கடைக்குப் பின்னால் வந்து, பேர வாவிக்குள் நுழைந்தால் நகரத்தின் நடுவயிற்றுக்கு வந்துவிட்டதாக அர்த்தம். வாவிக்கரை முழுவதும் பண்டகசாலைகள். அங்கிருந்து நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுகள் வழியாகத் துறைமுகத்துக்கு இறங்கலாம். மலைநாட்டுத் தேயிலை கூட ரயிலால் வந்து வாவிக்கரைச் சாலைகளில் பெட்டி கட்டப்பட்டுத் தண்ணீரால் கப்பலுக்குப் போயிற்று.

களனி ஆற்றைக் கடப்பதற்கும் படகுதான். கிராண்ட்பாஸ் என்ற பெயரே 'பெரிய கடவை' என்ற போர்த்துக்கேயச் சொல்தான். 1822இல் அங்கே படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை பரப்பி ஒரு தோணிப் பாலம் அமைத்தார்கள். நாளில் குறித்த நேரத்தில் நடுவிலிருந்து இரண்டொரு படகுகளை அவிழ்த்து விலக்குவார்கள். ஆற்றில் காத்துநிற்கும் பாருக்கள் கடந்துபோகும். கண்டி றோட்டில் வரும் மாட்டு வண்டிகள் அதுவரை நிற்கும். தரைப் போக்குவரத்து தண்ணீருக்கு வழிவிட்டு நின்ற காலம் அது. 1895இல் விக்டோரியா பாலம் வந்ததோடு அது போய்விட்டது.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து துறைமுகம் தெரியாது, ஆனால் கேட்கும். கப்பல் ஊதுவதை வைத்து உம்மா அரிசி களைவார். ஆங்கில வருடப் பிறப்பு நள்ளிரவில் துறைமுகத்திலுள்ள கப்பல்கள் எல்லாம் ஒரேயடியாக ஊதும்போது சின்னப்பிள்ளைகள் பாயிலிருந்து எழும்பி அழும். வாப்பா கப்பல் சாமான் இறக்கும் ஒரு கம்பனியில் டாலி கிளாக்கராக இருந்தார். அதாவது கப்பலிலிருந்து பார்ஜுக்கும் பார்ஜிலிருந்து கரைக்கும் போகும் மூடைகளை எண்ணுவது அவர் வேலை. வெயிலில் பார்ஜின் விளிம்பில் நின்று நாற்பது வருடம் எண்ணியவர், வீட்டில் சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணுவார் என்று உம்மா பகிடி பண்ணுவதுண்டு.

பார்ஜ் எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். கப்பல் கரையோடு அணைவதில்லை; அதனால்தான். 1870கள்வரை கொழும்பு ஒரு திறந்த நங்கூரத்தானம். சோளகக் காற்று உரத்தால் கப்பல் நிற்க முடியாது. தபால் கப்பல்கள் காலியில்தான் தங்கின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் முடிந்தபோது காலியின் கதை முடிந்தது. பெரிய தபால் கப்பல் கம்பனி 1882இலேயே கொழும்புக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகும் கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே மிதவைகளில்தான் கட்டிக்கிடந்தன. பிரயாணிகள் லாஞ்சில் ஏறி ஜெட்டிக்கு வந்தார்கள். சாமான் பார்ஜில் வந்தது. கரையோடு கப்பல் அணையும் எலிசபெத் மகாராணி துறைமேடை 1954இல்தான் திறக்கப்பட்டது. ஆக, உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு பெரிய கப்பலில் வந்தாலும் கொழும்பில் கால்வைக்கக் கடைசியாக ஒரு சிறு படகில் ஏறியே தீரவேண்டும். அந்தக் கடைசி அரை மைல் தண்ணீரில் எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் சோறு தின்றன என்பதற்கு யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்த என் வாப்பாவும் எழுதிவைக்கவில்லை.

அந்த அரை மைலைக் கடந்தவர்களில் ஒருவரை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்கவேண்டும். 1883 ஜனவரியில் 'மரியோடிஸ்' என்ற கப்பல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட அறபி பாஷாவையும் தோழர்களையும் கொண்டுவந்து சேர்த்தது. அணை வேலை அப்போது பாதியில். கரையில் நம்மவர் பெருங்கூட்டமாகத் திரண்டு நின்றார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான், 1882 டிசம்பரில், சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். பாஷாவின் வருகை அவருக்குப் புதிய ஊக்கம் தந்தது. முதலில் ஒரு பள்ளிக்கூடம், பிறகு 1892இல் ஸாஹிரா எல்லாம் அந்தத் தொடர்ச்சியில் வந்தவை. 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திர'த்தில் எகிப்திலிருந்து ஒரு குழந்தை கடல் கடந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்படுவது தற்செயலா என்ன? அறபி பாஷாவைப் பற்றி நமது மலர்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அதே கப்பலில் இறங்கிய மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியைப் பற்றி வந்தவை சொற்பம். அறபு நவீன கவிதையின் முன்னோடி என்று எகிப்தியர் கொண்டாடும் கவிஞர் அவர். பதினேழு வருடங்கள் இந்தத் தீவில் இருந்தார். இலக்கிய வட்டங்கள் என்று நாம் கூடிப் பேசும் ஊரில் அவர் கால்வைத்த படித்துறைக்கு ஒரு பலகைகூட இல்லை.

எகிப்து தூரம். தூத்துக்குடி பக்கம். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 152 கடல் மைல்தான். என் உம்மாவின் வாப்பா காயல்பட்டினத்துக்காரர். புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். வெங்காயம், மிளகாய், கருவாடு, ஓடு எல்லாம் அவருக்குத் தோணியில் வரும். பாயில் ஓடும் தோணி. தண்டல் ஒருவரும் சில ஆட்களும். சோளகம் உரத்த மாதங்களில் ஓடாது. அந்த மாதங்களில் கடையில் வெங்காய விலை ஏறும் என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் காற்றைப் பார்த்தே சொல்வார்கள். மாலைதீவு ஓடங்கள் வேறு வரும். மாசியை இறக்கிவிட்டு அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு போகும். மாலைதீவுச் சுல்தானின் தூதுக்குழு ஆண்டுதோறும் காணிக்கையோடு கொழும்புக்கு வந்து தேசாதிபதியைக் காணும் வழக்கமும் இருந்தது.

ஆட்கள் நீராவிக் கப்பலில் போனார்கள். அந்த வழியில் ஆங்கிலக் கம்பனி தனியாட்சி செய்தது. அதை எதிர்த்து வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கினார் என்பது பள்ளிப் பாடம். அதில் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பது பாடத்தின் ஓரத்தில் இருக்கும். குத்தகைக் கப்பலை ஆங்கிலேயர் பறித்துக்கொண்டபோது வ.உ.சி. ஓடிவந்து வேறொரு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்தது கொழும்பில்தான் என்பது பாடத்தில் இருக்கவே இருக்காது. அவர் பிறகு வாங்கிய 'காலியா', 'லாவோ' இரண்டும் ஓடிய வழியும் தூத்துக்குடி–கொழும்புதான். கட்டணப் போட்டியில் வெள்ளைக் கம்பனி கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்ற கதையை என் மூத்தவாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்தக் குடை கிடைக்கவில்லை. அவர் பிறந்திருக்கவும் இல்லை. ஆனாலும் குடையின் நிறம்வரை சொல்வார்.

1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் ஓடத் தொடங்கியதும் பிரயாணிகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பியது. நான் 1960இல் எட்டு வயதில் அந்த வழியால் ஒருதரம் காயல் போயிருக்கிறேன். கோட்டை ஸ்டேசனில் இரவு ரயில், விடியத் தலைமன்னார், 'கோஷன்' கப்பலில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. மூத்தவாப்பா மேல்தட்டில் சுபஹ் தொழுதுவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கடவுச்சீட்டை இறுகப் பிடித்திருந்தது ஞாபகமிருக்கிறது. அந்தக் காகிதத்தின் பாரம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஏனென்றால் அதற்கு முன்பு அவர் காகிதம் இல்லாமல் போய்வந்தவர். 1948இல் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. அதே காலத்துப் பிரஜாவுரிமைச் சட்டங்கள் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கரையோரச் சோனகர் என்று சொல்லப்பட்ட காயல், கீழக்கரை வியாபாரிகள் அந்தச் சட்டங்களின் இன்னொரு பக்கத்தில் நசுங்கியது அவ்வளவாகப் பேசப்படவில்லை. கடை இங்கே, மனைவி மக்கள் அங்கே என்று இரு கரையிலும் கால்வைத்து வாழ்ந்தவர்கள் ஒரு காலைத் தூக்கவேண்டியதாயிற்று. பலர் கடையை விற்றுவிட்டுப் போனார்கள். சிலர் அங்கிருந்தவர்களை மறந்து இங்கேயே இருந்தார்கள். என் மூத்தவாப்பா இரண்டாவது வகை. காயலில் அவருக்கு முந்திய மனைவியும் ஒரு மகனும் இருந்தது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. 1960இல் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவர்களைப் பார்க்கத்தான்.

இந்தக் காலத்தில்தான் 'கள்ளத்தோணி' என்ற சொல் கொழும்புத் தெருக்களில் புழங்கத் தொடங்கியது. அனுமதியில்லாமல் படகில் வந்தவன் என்பது அதன் சொற்பொருள். நடைமுறையில் இந்தியத் தமிழன் என்று கண்டவனையெல்லாம் அப்படிச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பிறந்தவனையும் சொன்னார்கள். வேதனை என்னவென்றால் நம்மவரிலும் பலர் அந்தச் சொல்லை வாய்கூசாமல் பாவித்தார்கள். 1915 கலவரத்தில் 'ஹம்பயா' என்று துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஐம்பதுகளில் வேறொருவனைப் பார்த்துக் 'கள்ளத்தோணி' என்றார்கள். இரண்டும் ஒரே தோணிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அறபு வம்சத்தை நிறுவினார். நூறு வருடத்துக்கு மேலாக நாம் அந்த வழக்கிலேயே வாதாடிக்கொண்டிருக்கிறோம். அஸீஸின் கோபத்தில் நியாயம் இருந்தது. அன்று சட்டசபை ஆசனம் பணயத்தில் இருந்தது. ஆனால் யாருடைய இரத்தம் என்று கேட்ட அளவுக்கு யாருடைய தோணி, யார் தண்டு வலித்தார்கள், எங்கே சாமான் இறக்கினார்கள் என்று நாம் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து படகில் வந்தவன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் படகையே மறைத்துவிட்டோம். படகு அறபு நாட்டிலிருந்தும் வந்தது, மலையாளக் கரையிலிருந்தும் வந்தது, காயலிலிருந்தும் வந்தது. ஹிஜ்ரி 337 என்று வாசிக்கப்பட்ட காலித் இப்னு அபூபகாயாவின் மீஸான் கல் கொழும்பு மண்ணில் கிடைத்ததென்றால், அவரையும் ஒரு மாலுமி கொண்டுவந்துதானே இறக்கியிருப்பான்? அந்த மாலுமியின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பிறகு நடந்தவை வேகமானவை. 1958இல் துறைமுகச் சாமான் இறக்கும் வேலை அரசுடைமையானது; வாப்பா கூட்டுத்தாபன ஊழியரானார். பார்ஜுகள் குறைந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் பேர வாவியில் பாருக்களை நான் பார்த்திருக்கிறேன். லொறி அவற்றைத் தின்றுவிட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் யுத்தத்தோடு எண்பதுகளின் நடுவில் நின்றது. துறைமுகம் உயர்பாதுகாப்பு வலயமானது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் கடலுக்கு அரை மைலில் வளர்ந்தும் ஜெட்டியைக் காணாமல் வளர்ந்தார்கள். 2014க்குப் பிறகு காலிமுகத்திடலுக்கு முன்னால் கடலையே மண்ணிட்டு நிரப்பி, 269 ஹெக்டயரில் துறைமுக நகரம் எழுப்பத் தொடங்கினார்கள்.

2016இல் வெளியான மேல்மாகாணப் போக்குவரத்துப் பெருந்திட்டத்தைப் பேரனுக்குக் காட்டினேன். அதில் மூன்று நீர்வழிகள் வரையப்பட்டிருந்தன: வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்கு ஒன்று, கோட்டையிலிருந்து யூனியன் பிளேசுக்குப் பேர வாவி வழியாக ஒன்று, மட்டக்குளியிலிருந்து களனி கங்கையால் ஹங்வெல்லைக்கு ஒன்று. நாங்கள் இப்போது இருக்கும் வெள்ளவத்தையும், நான் பிறந்த கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மட்டக்குளியும் ஒரே வரைபடத்தில் படகால் இணைய இருந்தன. புதிதாக எதையோ கண்டுபிடித்ததுபோல எழுதியிருந்தார்கள். ஒல்லாந்தர் பார்த்தால் சிரித்திருப்பார்கள். பேரன் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று படகு எப்போது வரும் என்று கேட்டான். கீழே கபரகொய்யா ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் விட்டார்கள். அந்தக் காயல் மகனின் பிள்ளை, எனக்கு மச்சான் முறை, அதில் ஏறி வந்தார். சாயங்காலம் புறப்பட்டு மறுநாள் காலை கொழும்பு. துறைமுக வாசலில் அவரைக் கூட்டிவரப் போனபோது என் கால் நடுங்கியது. அவர் கையில் ஒரு பெட்டி மஸ்கோத் அல்வாவும், மூத்தவாப்பா 1960இல் அங்கே விட்டுவந்த ஒரு குடையும் இருந்தன. கறுப்புக் குடை. கம்பி துருப்பிடித்திருந்தது.

நவம்பரில் அந்தக் கப்பல் நின்றுபோயிற்று. அடுத்த முறை மச்சான் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தார். கட்டுநாயக்கவிலிருந்து வெள்ளவத்தைக்கு வேனில் ஒரு மணித்தியாலம். ஹமில்டன் கால்வாய் ஓடும் முத்துராஜவெலச் சதுப்புக்கூடாக வந்தோம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் எழுப்பவில்லை.